தேய்மானக் கணக்கில் விடுபட்டவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா நிலையத்தைச் சுற்றிக் கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் பலருக்கு, வாரத்தின் மற்ற நாள்களில் துருவை அகற்றுவதுதான் வேலை. கப்பல் பட்டறைகளில் பழைய சாயத்தைச் சுரண்டுகிறார்கள். எண்ணெய்த் தொட்டிகளின் உட்சுவரில் உயர் அழுத்தத்தில் துகள்களைப் பாய்ச்சி இரும்பை வெளுக்க வைக்கிறார்கள். தேய்ந்துபோன பம்புகளைக் கழற்றி மாற்றுகிறார்கள். ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும், நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவில் இரும்பு நிற்கிறது என்றால், யாரோ அதை ஓயாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பொருள்.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் துருவுக்குப் பணக் கணக்கு உண்டு. உலோக அரிமானத்தால் உலகத்துக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு சுமார் 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என்றும், அது உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய 3.4 விழுக்காடு என்றும் 2016ல் வெளியான அனைத்துலக ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஏற்கெனவே தெரிந்த தடுப்பு முறைகளை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அதே ஆய்வு கூறியது.

இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செலவில் எவ்வளவு மனித உழைப்பு, அது எவ்வளவு ஆபத்தான இடத்தில் செலவாகிறது என்பதற்கு எங்கள் அட்டவணைகளில் தனி வரிசை கிடையாது. ஒரு புதிய உலோகத்தை மதிப்பிடும்போது அந்த வரிசையையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக, இப்போது பொருளறிவியலில் அதிகம் பேசப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் இரும்பு அடிப்படையிலான உலோகக் கண்ணாடி.

உலோகம் எப்படிக் கண்ணாடியாகும்?

பெயரைக் கேட்டதும் ஒளி ஊடுருவும் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். பார்வைக்கு அது சாதாரண உலோகம்தான். வேறுபாடு உள்ளே இருக்கிறது.

சாதாரண எஃகில் அணுக்கள் தேசிய தின அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல வரிசையாக நிற்கும். ஆனால் ஒரே அணியாக அல்ல. எண்ணற்ற சிறு அணிகளாக, ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நிற்கும். இந்த அணிகளைப் படிகப் பரல்கள் என்கிறோம். இரண்டு அணிகள் சந்திக்கும் எல்லையில் அணுக்களின் பிடிப்பு தளர்ந்திருக்கும். உப்பு நீர் பெரும்பாலும் அத்தகைய பலவீனமான இடங்களைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

உலோகக் கண்ணாடியில் வரிசையும் இல்லை, எல்லையும் இல்லை. தீபாவளிக்கு முந்திய இரவில் சிராங்கூன் சாலையில் நெருக்கியடித்து நகரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டம் இருந்த நிலையிலேயே ஒரே நொடியில் உறைந்துவிட்டால் எப்படி இருக்கும்? உருகிய உலோகத்தை, அணுக்கள் வரிசை கட்டுவதற்கு நேரம் கொடுக்காமல் குளிரவைத்தால் கிடைப்பது அதுதான். 1960ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவேயின் குழு, தங்கமும் சிலிக்கானும் கலந்த கலவையை விநாடிக்கு சுமார் ஒரு மில்லியன் டிகிரி வேகத்தில் குளிரவைத்து முதல் உலோகக் கண்ணாடியை உருவாக்கியது.

இரும்பின் முறை பின்னர் வந்தது. இரும்புடன் கார்பன், பாஸ்பரஸ், போரான் போன்றவற்றைச் சேர்த்தால், வெவ்வேறு பருமனுள்ள அந்த அணுக்கள் இடையில் புகுந்து வரிசை உருவாவதைத் தடுக்கும். 1974ல் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாகா, ஹாஷிமோட்டோ, மசுமோட்டோ மூவரும், குரோமியம் சேர்த்த இத்தகைய இரும்புக் கலவைகள் அரிமானத்தை வியக்கத்தக்க அளவில் தாங்குவதைக் காட்டினர். குளோரைடு உள்ள நீரில், வழக்கமான துருப்பிடிக்காத எஃகில்கூடச் சிறு குழிகள் விழும். இந்தக் கலவைகளிலோ மேற்பரப்பு முழுவதும் ஒரே சீரான பாதுகாப்புப் படலம் விரைவில் உருவாகிவிடுகிறது. எல்லைகள் இல்லாததால் படலத்தில் பலவீனமான இடங்களும் குறைவு.

ஆனால் அன்று கிடைத்தவை மெல்லிய நாடாக்கள் மட்டுமே. தடிமனான துண்டாக வார்ப்பதற்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. 2004ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஒரு சென்டிமீட்டருக்கும் அதிக விட்டமுள்ள இரும்புக் கண்ணாடித் தண்டுகளை வார்த்துக் காட்டியது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் வி. பொன்னம்பலம். வாசிப்புப் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடினம் வேறு, உறுதி வேறு

அரிமானம் வேதியியல் இழப்பு. தேய்மானம் உராய்வால் வரும் இழப்பு. ஒரு பொருள் கடினமாக இருக்க இருக்க அது தேய்வது குறையும் என்ற எளிய தொடர்பை 1953ல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் சமன்பாடாக எழுதினார். வைர முனையை அழுத்தி அளக்கும் விக்கர்ஸ் அளவையில் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு சுமார் 200 எடுக்கும். இரும்பு உலோகக் கண்ணாடிகள் பெரும்பாலும் 900 முதல் 1,200 வரை எடுக்கும். மணலிலும் பாறையிலும் உள்ள குவார்ட்ஸ் தாது சுமார் 1,100. அதாவது எஃகைக் கீறும் மணலுக்கு ஏறத்தாழ ஈடான எதிராளி இது.

இதோடு நிறுத்திவிட்டால் இது விளம்பரமாகிவிடும். உலோகக் கண்ணாடிக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அது கடினம், ஆனால் எளிதில் உடையக்கூடியது. எஃகு வளைந்து எச்சரிக்கும்; இரும்புக் கண்ணாடி எச்சரிக்காமல் விரிசல் விடும். அதனால் அதில் பாலமோ கப்பலோ கட்ட முடியாது. சுமார் 500 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால், கலவையைப் பொறுத்து, அணுக்கள் மீண்டும் வரிசை கட்டத் தொடங்கி அதன் சிறப்பும் குறைந்துவிடும்.

ஆகவே பொறியாளர்கள் அதைப் பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே உறுதிக்கு எஃகு, வெளியே பாதுகாப்புக்கு உலோகக் கண்ணாடி. கலவையைத் தூளாக்கி, ஒலியைவிட வேகமாகப் பாயும் எரிவாயுச் சுடரில் செலுத்தி எஃகின் மீது தெளிப்பார்கள். மோதியவுடன் ஒவ்வொரு துளியும் தட்டையாகி உடனே குளிர்ந்து கண்ணாடியாகிவிடும். 2000களில் அமெரிக்கத் தற்காப்பு ஆய்வு அமைப்பும் எரிசக்தித் துறையும் ஆதரித்த ஒரு பெரிய திட்டத்தில், கப்பல்களுக்காகவும் அணுக்கழிவுக் கொள்கலன்களுக்காகவும் இத்தகைய பூச்சுகள் உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன.

பூச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. தெளிக்கும்போது துளிகளுக்கு இடையில் நுண்துளைகள் தங்கிவிடலாம். அவை ஒன்றோடொன்று இணைந்து எஃகுவரை வழிவிட்டால் உப்பு நீர் உள்ளே போகும். துத்தநாகப் பூச்சு தன்னை அழித்துக்கொண்டு அடியிலுள்ள எஃகைக் காப்பாற்றும். உலோகக் கண்ணாடிப் பூச்சு அப்படிச் செய்யாது. தான் அரிபடாமல் இருந்துகொண்டு, துளையின் அடியிலுள்ள எஃகு வேகமாக அரிபட வழிசெய்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாணய அளவுள்ள மாதிரியைப் பளபளப்பாக்கி 3.5 விழுக்காட்டு உப்புக் கரைசலில் சோதிக்கிறோம். அந்தக் கரைசலில் மணல் இல்லை, சிப்பி இல்லை, அலை இல்லை. கடலிலோ மணல் பாதுகாப்புப் படலத்தைச் சுரண்ட, உப்பு உள்ளே புக, படலம் மீண்டும் உருவாக, மறுபடியும் சுரண்டப்பட என்று அரிமானமும் தேய்மானமும் கைகோத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து செய்யும் சேதம், தனித்தனிச் சேதங்களின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருக்கலாம்.

எனவே எல்லா இரும்பின் மீதும் இதைப் பூச வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதன் விலைக்கு அது கட்டுப்படியாகாது. மனிதர் போய்ப் பழுதுபார்ப்பது மிகக் கடினமான, ஆபத்தான இடம் எதுவோ, அங்கே முதலில் பயன்படுத்துவோம் என்கிறேன். விலையை மட்டும் பார்த்தால் இந்த இடங்கள் கண்ணில் படாது.

பூமிக்கு அடியில் ஒரு கணக்கு

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறி புக்கிட் பாஞ்சாங் நோக்கிப் போகிறவர்கள், 2015 டிசம்பர் 27ஆம் தேதி திறக்கப்பட்ட இரண்டாம் கட்டச் சுரங்கத்தில் பயணம் செய்கிறார்கள். ரோச்சோர் பக்கம் மென்மையான கடற்சேறு. புக்கிட் தீமா பக்கம் கருங்கல். குவார்ட்ஸ் நிறைந்த அந்தக் கருங்கல்லைக் குடையும்போது இயந்திரத்தின் முகப்பிலுள்ள வெட்டுத் தட்டுகள் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்தவற்றை மாற்ற ஆள்கள்தான் முகப்புக்குள் போக வேண்டும்.

நீரும் தளர்ந்த மண்ணும் உள்ள இடமாக இருந்தால், முகப்பு இடிந்துவிடாமல் இருக்க அங்கே அழுத்தக் காற்று நிரப்பியிருப்பார்கள். உள்ளே போகிறவர் ஆழ்கடலில் முக்குளிப்பவரைப் போன்றவர். வேலை முடிந்து வெளியே வரும்போது அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் வாயுக் குமிழ்கள் உருவாகும். பெரிய வெட்டுத் தட்டு ஒன்றின் எடையே நூறு கிலோவைத் தாண்டும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம், இரும்பு அடிப்படையிலான, படிக உருவற்ற தூளை லேசரால் உருக்கிப் பதிக்கும் ஒரு பூச்சுக்காக 2010ல் விருது பெற்றது. சுரங்கம் தோண்டும் கருவிகளின் ஆயுளை அது 20 விழுக்காட்டுக்கு மேல் நீட்டிக்கக்கூடும் என்று கூறப்பட்டது. 20 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுரங்கத்துக்கு 60 முறை ஆள்கள் முகப்புக்குள் போக வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். கருவியின் ஆயுள் 20 விழுக்காடு கூடினால் அது 50 முறையாகும். நிறுவனத்துக்கு அது மிச்சமான பத்து மாற்று வேலை. உள்ளே போகிறவருக்கு, அந்தக் கதவைத் தாண்டிப் போக வேண்டியிராத பத்து முறை. அந்த இரண்டாவது பயனை நாங்கள் எங்கும் எழுதிவைப்பதில்லை.

தமிழில் 'தேய்மானம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பொறியியலில் அது உராய்வால் வரும் இழப்பு. கணக்கியலில் அது இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது. இயந்திரத்தின் தேய்மானத்தை இரண்டு துறையும் கவனமாக எழுதிவைக்கின்றன. அதைப் பராமரிப்பவரின் முதுகும் நுரையீரலும் காதும் தேய்வதை எழுதிவைக்க எந்தத் துறைக்கும் இன்னும் பழக்கம் வரவில்லை.

'எங்க வேலை போயிடுமா தம்பி?'

வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஞாயிறு ஆங்கில வகுப்பு ஒன்றில் நான் தொண்டூழியம் செய்கிறேன். அங்கே வரும் ஓர் அண்ணன் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கப்பல் பட்டறையில் துகள் பாய்ச்சித் துரு நீக்கும் வேலை. நான் படிப்பது என்ன என்று கேட்டார். துருவைப் பற்றித்தான் அண்ணே என்றேன். அப்புறம் பாடம் நடத்தியவர் அவர்தான்.

“எஸ்.ஏ. ரெண்டரை வரணும் தம்பி. வரலைன்னா இன்ஸ்பெக்டர் திரும்ப அடிக்கச் சொல்லிடுவாரு,” என்றார். எஃகின் மேற்பரப்பு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கான அனைத்துலகத் தரநிலை அது. நான் அதைப் பாடநூலில் படித்திருந்தேன். அவர் தொட்டியின் உள்ளே, கைவிளக்கு வெளிச்சத்தில், இரும்பின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கனத்த தலைக்கவசமும் தோல் மேலங்கியும் போட்டுக்கொண்டு நின்றால் அரை மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம் என்றார்.

உலோகக் கண்ணாடிப் பூச்சைப் பற்றி எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அது வந்தா எங்க வேலை போயிடுமா தம்பி?” என்றார்.

நியாயமான கேள்வி. இந்த வாதத்தின் மிகக் கடினமான பகுதியும் அதுதான். என் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பூச்சு எஃகில் ஒட்ட வேண்டுமென்றால் அதற்கும் முதலில் துகள் பாய்ச்சி மேற்பரப்பைத் தயார் செய்தாக வேண்டும். அதாவது அவருடைய திறன் தேவைப்படாமல் போகாது. ஒரே இடத்தை அடிக்கடி சுத்தம் செய்வதுதான் குறையும். இரண்டாவது, தெளிப்புக் கருவியை இயக்குவது, பூச்சின் தடிமனையும் துளைகளையும் சோதிப்பது போன்ற புதிய வேலைகள் வரும். அவை அவருக்குக் கிடைக்குமா, அல்லது வேறு யாருக்கோ போகுமா என்பதை உலோகம் தீர்மானிக்காது. புதிய பூச்சுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதே திட்டத்தில் அவருடைய பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பயந்தது நடந்துவிடும்.

புதிய முறை என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரத் தண்டுகளுக்குக் காலங்காலமாகப் போடப்படும் கடின குரோமிய முலாமில், புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் அதற்குத் தனி அனுமதி தேவை என்று ஆக்கிவிட்டது. இரும்புக் கண்ணாடிப் பூச்சு அதற்கு ஒரு மாற்று என்பது உண்மை. ஆனால் அந்தத் தூளிலும் குரோமியம் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் புகையை உறிஞ்சி அகற்றும் வசதி இல்லாவிட்டால், ஓர் ஊழியரின் ஆபத்தை இன்னோர் ஊழியரின் மூச்சுக்கு மாற்றியதாகவே முடியும்.

தொடக்கத்திலேயே சேர்த்தால் முடியும்

பராமரிப்பை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பது கனவு அல்ல. அந்த அண்ணனின் சொந்த மாவட்டத்திலேயே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1914ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், கடுமையான கடற்காற்றில் நூறாண்டுக்கு மேல் தாங்கியது. தலைமுறை தலைமுறையாக ஆள்கள் சாயம் பூசியும் பாகங்களை மாற்றியும் அதைக் காப்பாற்றினார்கள். இறுதியில் அரிமானம் முற்றி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுவதும் பற்றவைத்த இணைப்புகள், நீண்டகாலம் உழைக்கும் பாலிசிலாக்சேன் சாயம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே உலோகக் கண்ணாடி இல்லை. ஆனால் 'இதை இனி யார், எத்தனை முறை பழுதுபார்க்க வேண்டியிருக்கும்?' என்ற கேள்வி வரைபடத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நடத்தும் சோதனைத் தளத்தில் உலோகங்களைக் கடற்காற்றிலேயே நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்கள். ஆய்வுக்கூடக் கரைசல் சொல்லாததை அந்தக் காற்று சொல்லும்.

சிங்கப்பூரிலும் இதைச் செய்யும் வசதி நமக்கு இருக்கிறது. உலோகக் கண்ணாடிகளின் இயந்திரப் பண்புகளை ஆராய்வதில் உலகறிந்த பேராசிரியர் உபத்ரஸ்டா ராமமூர்த்தி, பெங்களூரிலிருந்து வந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். கப்பல் பட்டறைகள், துறைமுகம், சுரங்கப் பணிகள், விமான இயந்திரப் பழுதுபார்ப்பு என எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் இவ்வளவு குறைவாக இருக்கும் நாடுகள் அதிகமில்லை.

உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் அடுத்த அறிவியல் திட்டப்பணியில் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், விலை, எடை, வலிமை ஆகிய வரிசைகளுக்குக் கீழே இன்னும் மூன்று வரிசைகளைச் சேருங்கள். இதன் ஆயுட்காலத்தில் எத்தனை முறை பழுதுபார்க்க வேண்டும்? பழுதுபார்ப்பவர் எங்கே நிற்க வேண்டியிருக்கும்? அங்கே அவர் எதைச் சுவாசிப்பார்? பதில் தெரியாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடாமல், தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். நம்மில் தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. தெரிந்தவர்களில் பலர் நம் மொழியில்தான் பதில் சொல்வார்கள்.